ஹோல் கண்ணாடியில் வீட்டுக் கலண்டர்: தமிழில் ஒழுங்காகக் காட்ட வைப்பது எப்படி?

கடற்கரைப்பக்கம் | வெள்ளி, இரவு 9:12

வணக்கம். வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி வீடு, ஏழு பேர்: நானும் இவரும், பிள்ளைகள் இரண்டு பேர், அம்மா, அப்பா, தம்பி. ஹோலில் இருக்கும், பின்னாலுள்ள வெளிச்சம் ஊடே தெரிகிற கண்ணாடிக்குப் பின்னால் பழைய மொனிட்டர் ஒன்றை நிமிர்த்தி வைத்து, ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியைப் பூட்டி, கண்ணாடியில் தகவல் காட்டும் மேஜிக் மிரர் மென்பொருளை ஏற்றியிருக்கிறேன். வெளிக்கிடும்போது எல்லோரும் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்றுதான் தலை வாருவார்கள். அன்றைய அலுவல் அங்கேயே தெரியட்டும் என்பது என் எண்ணம். மூன்று கிழமை ஓடிவிட்டது, வீட்டில் ஒருவரும் அதை நம்புவதாக இல்லை.

மகளின் விஞ்ஞான ரியூசன் பின்னேரம் 4:30க்கு. கண்ணாடி 11:00 என்கிறது. "பள்ளிக்கூடம் விட முதல் என்ன ரியூசன்?" என்று அப்பா என்னைத்தான் விசாரித்தார். தமிழில் எழுதியது எல்லாம் சதுரப் பெட்டிகளாக வருகிறது. ஆங்கில எழுத்தில் எழுதினால் அம்மாவுக்கு வாசிக்க முடியாது, கண் டொக்டரிடம் போக வேண்டியவவே அவதான்.

கூகிளில் குடும்பக் குழு தொடங்கிப் பார்த்தேன். ஆறு பேருக்கு மேல் இடமில்லை. ஏழாவது ஆள் யார் என்று வீட்டில் கேட்கவே பயமாக இருக்கிறது. ரொறன்ரோவில் இருக்கும் அண்ணாவைச் சேர்க்கவும் விடவில்லை. யாராவது கொழும்பில் இதைச் செய்து பார்த்திருக்கிறீர்களா?

---

பழைய_மொனிட்டர் | வெள்ளி, இரவு 10:05

தங்கச்சி, ஒவ்வொன்றாக வருவோம். நான் தெஹிவளையில் இரண்டு வருடமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன், அதனால் இந்த அடி எல்லாம் வாங்கியாகிவிட்டது.

4:30 எப்படி 11:00 ஆனது? கழித்துப் பாருங்கள், சரியாக ஐந்தரை மணித்தியாலம். ராஸ்பெரி பையின் இயங்குதளம், நீங்கள் மாற்றாவிட்டால், லண்டன் நேரத்தில்தான் எழும்பும். இப்போது அங்கே குளிர்காலம், அதனால் 11:00. கோடையில் பார்த்திருந்தால் 12:00 என்று காட்டி இன்னும் குழப்பியிருக்கும். பையின் அமைப்புகளை மாற்றும் ராஸ்பி கொன்பிக்கைத் திறந்து, நேர வலயத்தில் ஆசியா, அதற்குள் கொழும்பு என்று தெரிவு செய்துவிட்டு மறுபடி தொடக்குங்கள். கலண்டரில் ஒரு எழுத்தையும் தொட வேண்டாம். கலண்டர் சரியாகத்தான் இருக்கிறது, அதை வாசிக்கிற பெட்டிதான் லண்டனில் இருக்கிறது.

பெட்டி பெட்டியாக வருவது எழுத்துரு இல்லாததால். மேஜிக் மிரர் தன்னோடு கொண்டுவருவது ரொபோட்டோ எழுத்துரு, அதில் தமிழ் இல்லை. பையில் நோட்டோ எழுத்துருத் தொகுப்பை நிறுவினால் போதும், அது தானாகப் போய்த் தமிழைத் தேடி எடுத்துக்கொள்ளும். பிறகு, தோற்றத்தை மாற்றும் கஸ்டம் சிஎஸ்எஸ் கோப்பில் நோட்டோ சான்ஸ் தமிழ் என்று பெயர் சொல்லிவிடுங்கள். வரியின் உயரத்தையும் கொஞ்சம் கூட்டுங்கள். ஆங்கிலத்துக்கு அளந்த வரிக்குள் நம்முடைய 'கு', 'மூ' எல்லாம் கால் மடக்கி இருக்க வேண்டிவரும். மெல்லிய தடிப்பு வேண்டாம். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து வரும்போது புள்ளி காணாமல் போய்விடும்.

குடும்பக் குழுவை விட்டுவிடுங்கள். அது ஒரே நாட்டில் இருக்கிற ஆறு பேருக்கானது. கனடாவில் ஒருவர், அவுஸ்திரேலியாவில் ஒருவர் என்று இருக்கிற எங்கள் குடும்பங்களை அதை வடிவமைத்தவர் கண்டிருக்க மாட்டார். சாதாரணக் கலண்டர் ஒன்று தொடங்கி, ஒவ்வொருவரின் மின்னஞ்சலுக்கும் பகிர்ந்து, "நிகழ்வுகளை மாற்றலாம்" என்ற அனுமதியைக் கொடுத்தால் அண்ணாவும் உள்ளே வந்துவிடுவார்.

---

கொட்டாஞ்சேனை_வாசி | சனி, காலை 7:31

குறை நினைக்க வேண்டாம். எங்கள் வீட்டில் கடையில் இனாமாகக் கொடுத்த கலண்டர் ஒன்று ஆணியில் தொங்குகிறது, அதில் நூல் கட்டிய பென்சில். காஸ் மாற்றின திகதி, பால்காரருக்குக் கொடுத்த காசு, பௌர்ணமிப் போயா, சங்கடஹர சதுர்த்தி எல்லாம் இருக்கிறது. கரண்ட் போனாலும் தெரியும். எதற்காக இவ்வளவு பாடு?

---

தேத்தண்ணி_இரண்டு | சனி, காலை 8:02

அண்ணே, கரண்ட் போனால் கண்ணாடி கண்ணாடியாகவாவது இருக்கும். உங்கள் கலண்டரில் தலை வார முடியுமா? 😄

---

கடற்கரைப்பக்கம் | சனி, பகல் 2:10

பழைய மொனிட்டர் அண்ணா, நேரம் சரியாகிவிட்டது! எழுத்தும் வந்துவிட்டது! அம்மா கண்ணாடியில் "கண் டொக்டர்" என்று வாசித்துவிட்டு, "எனக்குத் தெரியும்தானே" என்றுவிட்டுப் போனா. அதுவே பெரிய வெற்றி.

அந்தச் சந்தோசத்தில் ஒரு பிழை செய்துவிட்டேன். எல்லாமே தமிழில் வரட்டும் என்று மேஜிக் மிரரின் அமைப்புகள் உள்ள கொன்பிக் கோப்பில் மொழியைத் தமிழுக்கு மாற்றினேன். இப்போது மணிக்கூடு ௨:௧௦ என்று காட்டுகிறது. நேரத்துக்குப் பக்கத்தில் "எற்பாடு" என்று ஒரு சொல். மகன் கேட்டான், "அம்மா, என்ன ஏற்பாடு?" என்று. நாளை மறுநாள் நிகழ்வுக்கு "௨ நாட்கள் இல்" என்று வருகிறது. இது யார் எழுதின தமிழ்?

---

பழைய_மொனிட்டர் | சனி, பகல் 2:44

ஹா ஹா. வரவேற்கிறேன், எல்லோரும் ஒரு தடவை அந்தக் குழியில் விழுவார்கள்.

மேஜிக் மிரர் திகதி நேரத்துக்கெல்லாம் மொமெண்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தைப் பாவிக்கிறது. அதன் தமிழ்ப் பகுதியில், வெளியே அனுப்பும் வரியில் எந்த இலக்கம் இருந்தாலும் தமிழ் இலக்கமாக மாற்றிவிடும்படி எழுதியிருக்கிறார்கள். முற்பகல் பிற்பகலுக்குப் பதிலாகப் பழைய சிறுபொழுதுப் பெயர்கள்: அதிகாலை 2 மணி வரை யாமம், 6 வரை வைகறை, 10 வரை காலை, பிற்பகல் 2 வரை நண்பகல், 6 வரை எற்பாடு, 10 வரை மாலை, பிறகு மறுபடி யாமம். காலை பத்தரைக்கு "நண்பகல்" என்று போடும். "இல்" தனியே நிற்பதற்குக் காரணம், ஆங்கிலத்துக்குச் செய்த அச்சில் தமிழை ஊற்றியதுதான். சொல்லோடு சேர வேண்டிய உருபு அங்கே இடைவெளி விட்டு நிற்கிறது.

சுலபமான வழி: மொழியை மறுபடி ஆங்கிலத்துக்கே மாற்றுங்கள். நிகழ்வுப் பெயர்களை எப்படியும் நீங்கள்தான் தமிழில் எழுதுகிறீர்கள். அவற்றுக்கு இந்த அமைப்போடு தொடர்பில்லை. "இத்தனை நாளில்" என்ற தொல்லை வேண்டாமென்றால் கலண்டரின் டைம் ஃபோர்மற்றை அப்சலூட் ஆக்குங்கள். அது மட்டும் போதாது. அர்ஜென்சி என்று ஒரு அமைப்பு, பிறப்பிலேயே 7. அதாவது ஏழு நாளுக்குள் இருப்பதை, நீங்கள் என்ன சொன்னாலும், "இத்தனை நாளில்" என்றே காட்டும். அதையும் கெற் ரிலேட்டிவ் என்பதையும் 0 ஆக்கினால்தான் வெறும் திகதி வரும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு போயா விடுமுறை முழுக்கப் போனது.

---

சந்திப்பிழை | சனி, பின்னேரம் 4:50 (எற்பாடு!)

நான் தமிழ் படிப்பிக்கிறவன், கணினி விசயம் விளங்காது. ஆனால் எற்பாட்டை இவ்வளவு கெதியாகத் துரத்திவிட்டீர்களே என்று மனம் வருந்துகிறது. எல் என்றால் சூரியன், பாடு என்றால் படுதல், சாய்தல். ஐந்திணையில் நெய்தல் நிலத்துக்கு உரிய சிறுபொழுது அதுதான். வெள்ளவத்தைக் கடற்கரையில், ரயில் பாதைக்குப் பக்கத்து வீட்டில், பின்னேரம் ஐந்து மணிக்கு உங்கள் கண்ணாடி "எற்பாடு" என்று சொன்னதில் ஒரு பிழையும் இல்லை, தங்கச்சி.

---

தேத்தண்ணி_இரண்டு | சனி, பின்னேரம் 4:58

எங்கள் ஊர் மலைநாட்டு ஹட்டன் சேர். குறிஞ்சிக்கு யாமம்தானே? அதனால்தான் அங்கே போனால் நடுச்சாமத்தில் தேத்தண்ணி கேட்கிறார்கள் போல.

---

கடற்கரைப்பக்கம் | சனி, இரவு 8:15

ஐயா, நீங்கள் சொன்னதை மகளுக்கு வாசித்துக் காட்டினேன். பாடத்தில் வருகிறதாம். மணிக்கூட்டை மட்டும் அப்படி விடச் சொல்கிறாள். அப்பா முடியவே முடியாது என்கிறார்: "நேரம் பார்க்கப் போய் நான் அகராதி பார்க்கவா?" மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டேன்.

அடுத்த பிரச்சினை. நிகழ்வின் பெயர் பாதியில் வெட்டுப்படுகிறது. ஆங்கிலத்தில் நீளமாக எழுதினால் வருகிறது, தமிழில் அதைவிடக் குறைவாக எழுதினாலும் வெட்டுகிறது. வெட்டுகிற இடமும் ஒரு மாதிரி. "டொக்டர்" என்பது புள்ளி போய் "டொக்டர…" என்று நிற்கிறது.

---

பழைய_மொனிட்டர் | சனி, இரவு 9:30

நல்ல கேள்வி. மேக்ஸ் டைட்டில் லெங்த் என்ற அமைப்பு பிறப்பில் 25. ஆனால் அது எண்ணுவது நாங்கள் எண்ணுகிற எழுத்தை அல்ல. யூனிக்கோடில் க ஒரு குறி, அதன் மேல் புள்ளி இன்னொரு குறி, கொம்பு, கால், சுழி ஒவ்வொன்றும் தனிக் குறி. "செவ்வாய்க்கிழமை" எங்களுக்கு எட்டு எழுத்து. கணினிக்குப் பதினைந்து. அப்படிப் பார்த்தால் 25 என்பது தமிழில் பதின்மூன்று பதினான்கு எழுத்து. இருபத்தைந்தாவது இடத்தில் ரவும் இருபத்தாறாவது இடத்தில் புள்ளியும் இருந்தால், புள்ளி வெளியே போய்விடும்.

60 என்று கூட்டி, ராப் ஈவென்ட்ஸ் என்பதை ட்ரூ ஆக்குங்கள். நீளமானது அடுத்த வரிக்கு இறங்கும்.

நிறம் கொடுக்கிறீர்களா? கூகிளில் நீங்கள் தெரிவு செய்த நிறம், கலண்டரை வெளியே எடுத்துக் கொடுக்கும் ஐகேல் இணைப்பு வழியாக வராது. ஆளுக்கொரு கலண்டர் தொடங்கி, ஒவ்வொன்றின் ரகசிய ஐகேல் முகவரியையும் தனித்தனியாகக் கொன்பிக்கில் போட்டு, அங்கேதான் நிறம் சொல்ல வேண்டும். கடும் நீலம், மெரூன், கடும் பச்சை வேண்டவே வேண்டாம். கண்ணாடிக்குப் பின்னால் கறுப்புத் திரை என்பதை மறக்காதீர்கள். கடும் நிறம் எல்லாம் கறுப்போடு சேர்ந்து மறைந்துவிடும். இள மஞ்சள், இள நீலம், தோடம்பழ நிறம் எடுபடும். அம்மாவுக்கு வெள்ளையே கொடுங்கள். வயதான கண்ணுக்கு நிறத்தை விட வெளிச்சம்தான் முக்கியம்.

அந்த ரகசிய முகவரியை வட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பாதீர்கள். கையில் கிடைத்தவர் எவரும் உங்கள் வீட்டு அலுவல் முழுவதையும் வாசிக்கலாம், கடவுச்சொல் கேட்காது. தவறிப் போனால் அதே பக்கத்தில் புதுப்பிக்கும் பொத்தான் இருக்கிறது, பழையது செத்துவிடும்.

---

பிறைநிலா | ஞாயிறு, காலை 10:11

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். தெமட்டகொடையில் இருந்து. எங்கள் வீட்டிலும் இதே கண்ணாடி இருக்கிறது, ஆனால் சமையலறை வாசலில்.

விடுமுறைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கூகிளிலேயே இலங்கை விடுமுறைக் கலண்டர் ஒன்று இருக்கிறது. போயா, தைப்பொங்கல், சிவராத்திரி, நத்தார் எல்லாம் அதில் வரும். அதைச் சேர்த்தால் பெரும்பாலான வேலை முடிந்தது. எங்களுக்குத்தான் சிக்கல். நோன்பு தொடங்குவதும் பெருநாளும் பிறை பார்த்துத்தான். கொழும்புப் பெரிய பள்ளிவாசலில் அன்று மாலை கூடி அறிவித்தால்தான் உறுதி. கலண்டரில் முன்கூட்டியே போட்டிருக்கும் திகதி ஒரு நாள் முன்னே பின்னே போகலாம். ஒரு வருடம் கண்ணாடி பெருநாள் என்று சொல்ல, வானொலி நோன்பு என்று சொல்ல, பிள்ளைகள் கண்ணாடியின் கட்சிக்குப் போய்விட்டார்கள்.

அதனால் நான் விடுமுறைக் கலண்டரில் எங்கள் பெருநாட்களை எக்ஸ்குளூடட் ஈவென்ட்ஸ் என்ற பட்டியலில் போட்டு மறைத்துவிட்டேன். பிறை தெரிந்த பிறகு நானே கையால் போடுகிறேன். ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிடம் எங்கள் வீட்டில் கொண்டாட்டம். யார் போடுவது என்று பிள்ளைகளுக்குள் சண்டை.

---

கடற்கரைப்பக்கம் | ஞாயிறு, பகல் 12:40

வ அலைக்கும் ஸலாம் அக்கா. உங்கள் வழியைப் பார்த்து எனக்கும் ஒன்று விளங்கியது. எங்களிடம் அது பிறை இல்லை, பஞ்சாங்கம். அப்பா வாக்கியம், ரொறன்ரோ அண்ணா இணையத்தில் திருக்கணிதம். விரத நாள் சில நேரம் ஒரு நாள் மாறும். இனி அப்பா சொல்லும் நாளை மட்டும் போடுகிறேன், இணையத்தில் கிடைக்கும் விரதக் கலண்டர் எதுவும் வேண்டாம்.

அப்பாவுக்கு ராகுகாலமும் வேண்டுமாம். திங்கள் 7:30 முதல் 9, செவ்வாய் 3 முதல் 4:30, புதன் 12 முதல் 1:30, வியாழன் 1:30 முதல் 3, வெள்ளி 10:30 முதல் 12, சனி 9 முதல் 10:30, ஞாயிறு 4:30 முதல் 6. ஏழும் கிழமைதோறும் திரும்ப வரும் நிகழ்வாகப் போட்டேன். போட்ட உடனே கண்ணாடியில் வேறு ஒன்றுக்கும் இடமில்லை, மேலிருந்து கீழ் வரை ராகு. தம்பி வந்து பார்த்துவிட்டு, "இது வீட்டுக் கலண்டரா, ராகுவின் கலண்டரா?" என்றான்.

---

பழைய_மொனிட்டர் | ஞாயிறு, பகல் 1:55

மொத்தம் பத்து நிகழ்வுதான் காட்டும் என்பது பிறப்பமைப்பு. அதில் ஏழை ராகு எடுத்துக்கொண்டால் மூன்றுதான் மிச்சம்! ராகுவைத் தனிக் கலண்டர் ஆக்குங்கள். அந்த ஒரு கலண்டருக்கு மட்டும் மேக்சிமம் என்ட்ரீஸ் 1 என்று கொன்பிக்கில் கொடுக்கலாம். இன்னும் வடிவாக வேண்டுமென்றால் கலண்டர் தொகுதியை இரண்டாவது தடவையும் போட்டு, அதைக் கண்ணாடியின் அடியில் வையுங்கள். மேலே குடும்பம், கீழே ராகு. ஒரே தொகுதியை எத்தனை தடவையும் போடலாம்.

மாதம் முழுக்கக் கட்டம் கட்டமாக வேண்டுமென்றால் கலண்டர் எக்ஸ்ட் 3 என்று வேறு ஒன்று இருக்கிறது. அதைப் போட்டதும் பலர் பழைய கலண்டர் தொகுதியை அழித்துவிட்டு, ஒன்றும் வரவில்லை என்று வருவார்கள். அது நிகழ்வுகளை வாங்குவதே பழைய தொகுதியிடமிருந்துதான். அதை ஓட விட்டு, இடம் மட்டும் கொடுக்காதீர்கள், கண்ணுக்குத் தெரியாது. என்னைக் கேட்டால் மாதக் கட்டம் வேண்டாம். தலை வாருகிற நேரத்தில் யார் முப்பது கட்டம் பார்க்கிறார்கள்?

அப்பாவுக்கு இன்னொன்றும் சொல்லுங்கள். இந்த ராகுகால அட்டவணை சூரியன் 6 மணிக்கு எழும்பி 6 மணிக்குப் படும் என்று வைத்துக் கணித்தது. கொழும்பில் வருடம் முழுக்கப் பகல் பன்னிரண்டு மணித்தியாலத்தை ஒட்டியே இருப்பதால் எங்களுக்குப் பெரிதாகப் பிசகாது. ரொறன்ரோ அண்ணா கோடையில் இதைப் பார்த்து நடந்தால் ராகுவுக்கே வழி தெரியாது.

---

சந்திப்பிழை | ஞாயிறு, பின்னேரம் 5:20

நேரம் என்று வந்ததால் ஒரு பழைய கதை. பிறந்தநாளை நட்சத்திரப்படி போடுகிறவர்கள் கவனியுங்கள். 1996 மே மாதம் இலங்கையின் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள். அதே வருடம் ஒக்டோபரில் அரை மணி பின்னே இழுத்தார்கள். 2006 ஏப்ரல் வரை அந்த ஆறு மணித்தியாலக் கணக்கில் ஓடினோம், பிறகுதான் மறுபடி ஐந்தரை. இடையில் பிறந்த பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் இருக்கும் நேரம் அந்த நேரம். சாதகம் கணிக்கும் மென்பொருள் இதைப் பார்க்காமல் விட்டால், நட்சத்திரம் மாறும் நேரத்தை ஒட்டிப் பிறந்தவருக்குப் பிறந்தநாளே மாறிவிடும். என் மூத்தவளுக்கு இப்படித்தான் இரண்டு சாதகம் இருக்கிறது.

---

கடற்கரைப்பக்கம் | ஞாயிறு, இரவு 7:48

தம்பி 1999! அப்பா இப்போதுதான் சாதகக் கொப்பியை எடுக்கப் போயிருக்கிறார். ஐயா, இன்றைக்கு எங்கள் வீட்டில் யாரும் நித்திரை கொள்ளப் போவதில்லை.

---

கொட்டாஞ்சேனை_வாசி | ஞாயிறு, இரவு 9:03

நான் மறுபடியும் வருகிறேன். கேலிக்கு இல்லை, உண்மையாகவே ஒரு கேள்வி. என் கலண்டரில் யாரும் எழுதலாம். என் மனைவி, மாமி, வேலைக்கு வரும் அக்கா, எல்லோருக்கும் பென்சில் ஒன்றுதான். உங்கள் கண்ணாடியில் அம்மா எப்படி எழுதுவா? வாசிக்க மட்டும்தான் என்றால் அது அவவுக்குக் கலண்டர் இல்லை, அறிவித்தல் பலகை.

---

கடற்கரைப்பக்கம் | ஞாயிறு, இரவு 10:36

இதற்கு உடனே பதில் எழுதத் தொடங்கி இரண்டு தடவை அழித்துவிட்டேன், அண்ணா. நீங்கள் கேட்டது சரி.

இந்த மூன்று கிழமையும் கலண்டரை நிரப்பியது நான் மட்டும். எனக்கு என்ன தெரியுமோ அதுதான் கண்ணாடியில் இருந்தது: ரியூசன், டொக்டர், பள்ளிக்கூடக் கூட்டம். அம்மாவிடம் இருக்கிற கணக்கு வேறு. காஸ் எப்போது மாற்றினது, யாருடைய வீட்டு ஆட்டத்திவசம், கோயிலில் எங்கள் உபயம் எந்த நாள், ஆடிவேலுக்கு யார் யார் வந்து தங்குவார்கள், கீழ் வீட்டாருக்குக் கொடுத்த பாத்திரம் திரும்பி வந்ததா. இதில் ஒன்றுகூட நான் போடவில்லை. பிறகு "ஏன் ஒருவரும் கண்ணாடியைப் பார்க்கவில்லை" என்று நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அம்மாவுக்குக் கூகிளில் தட்டிப் போட வராது, வட்ஸ்அப்பில் குரல் அனுப்ப வரும். அதனால் இப்படி யோசிக்கிறோம்: அம்மா எங்கள் வீட்டுக் குழுவில் குரலில் சொன்னால், முதலில் கேட்கிறவர் கலண்டரில் போட வேண்டும். போட்டதும் ஒரு கை அடையாளம்.

---

பழைய_மொனிட்டர் | திங்கள், காலை 6:50

நல்லது. ஆனால் ஒன்று, அம்மா சொன்ன சொற்களையே போடுங்கள். என் மகன் "உபயம்" என்பதைச் சுருக்கி "கோயில்" என்று போட்டு, அம்மா வெறுங்கையோடு போய்விட்டா. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சட்டமே அதுதான்.

கண்ணாடியை ஹோலில் வைத்திருக்கிறீர்கள், அதனால் ஓர் எச்சரிக்கையும். சொந்தக்காரர் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தார். கண்ணாடியில் இள மஞ்சளில், பெரிய எழுத்தில்: "சனி 5:00 பெரியப்பா வருவார், காசு விசயம் என்றால் நான் இல்லை." போட்டது என் தம்பி. வந்தது பெரியப்பா. அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. கண்ணாடியில் தலையை வாரிவிட்டு வந்து உட்கார்ந்தார். அந்தத் தேத்தண்ணி மாதிரி ஒரு தேத்தண்ணியை நான் குடித்ததில்லை.

கூகிளில் நிகழ்வைப் பிரைவேட் என்று குறித்து, கலண்டர் தொகுதியில் ஹைட் பிரைவேட் என்பதை ட்ரூ ஆக்குங்கள். அப்படிக் குறித்தது கண்ணாடிக்கு வராது, போனில் மட்டும் தெரியும். டொக்டர் விசயம், காசு விசயம், சம்பந்தம் பேசுகிற விசயம் மூன்றும் எங்கள் வீட்டில் பிரைவேட்.

---

பிறைநிலா | திங்கள், காலை 9:15

பெரியப்பா கதை படித்து அலுவலகத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன் 🙈

கண்ணாடிக்கு முன்னால் நிற்பவரைப் புகழும் கொம்பிளிமென்ட்ஸ் தொகுதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். மேஜிக் மிரரை ஏற்றும்போதே கூட வரும், மாற்றாவிட்டால் பின்னேரங்களில் "செக்ஸி" என்று ஆளைக் கூப்பிடும். எங்கள் மாமியின் தோழிகள் குர்ஆன் வகுப்புக்கு வந்த அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

---

தேத்தண்ணி_இரண்டு | திங்கள், காலை 9:40

என்னைப் பார்த்து யாராவது அப்படிச் சொல்லட்டும் என்றுதான் அந்தத் தொகுதியை நான் அழிக்கவே இல்லை.

பழைய மொனிட்டர் அண்ணே, ஒரு சின்னக் கேள்வி. கரண்ட் போய் வந்தால் என் கண்ணாடி பழைய நேரத்தில் நிற்கிறது. சில தடவை எழும்புவதே இல்லை.

---

பழைய_மொனிட்டர் | திங்கள், பகல் 12:30

பை 4 வரைக்கும் அதற்குள் சொந்த மணிக்கூடு இல்லை தம்பி. இணையம் வந்த பிறகுதான் நேரம் கேட்டு அறியும். கரண்ட் வந்து ரவுட்டர் எழும்ப முதல் பை எழும்பிவிட்டால், கடைசியாகத் தெரிந்த நேரத்திலேயே நிற்கும். கொஞ்சம் பொறுத்தால் தானே திருந்தும். பை 5இல் மணிக்கூடு உண்டு, ஆனால் சின்ன மின்கலம் ஒன்றைத் தனியாக வாங்கிப் பூட்ட வேண்டும்.

எழும்பாமல் இருப்பது மெமரி கார்ட்டின் பழுது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கார்ட் கெட்டுவிடும். 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வெட்டின காலத்தில் இதை ஓட்டியிருந்தால் பெட்டி பெட்டியாகக் கார்ட் வாங்கியிருக்க வேண்டும். ரவுட்டருக்குப் பூட்டுகிற சின்ன யூபிஎஸ் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் கிடைக்கும், ஆனால் பைக்கு 5 வோல்ட் வெளியே தருவதாகப் பார்த்து வாங்க வேண்டும். கொன்பிக் கோப்பையும் கஸ்டம் சிஎஸ்எஸ்ஸையும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். கார்ட் போனாலும் அந்த இரண்டும் இருந்தால் அரை மணியில் பழைய கண்ணாடி திரும்பிவிடும்.

---

கடற்கரைப்பக்கம் | அடுத்த ஞாயிறு, இரவு 8:41

ஒரு கிழமை கழித்து வருகிறேன். எல்லோருக்கும் நன்றி சொல்லவும், நடந்ததைச் சொல்லவும்.

ரொறன்ரோ அண்ணா ஒவ்வொரு ஞாயிறும் அழைக்கும் நேரத்தை அவரே கலண்டரில் போட்டார், அங்கே காலை 10 மணி. எங்கள் கண்ணாடியில் 8:30 என்று சரியாக வந்தது. மார்ச்சில் அங்கே மணிக்கூட்டை முன்னே தள்ளினால் இங்கே தானாக 7:30 ஆகிவிடும். போன வருடம் நவம்பரில் அங்கே அதைப் பின்னே இழுத்தது தெரியாமல் அம்மா ஒரு மணித்தியாலம் போனைப் பிடித்துக்கொண்டு இருந்தா. இதற்காகவே இவ்வளவு பாடும் தகும் என்று நினைக்கிறேன், கொட்டாஞ்சேனை அண்ணா.

உங்கள் பேச்சையும் கேட்டேன். கண்ணாடிக்குப் பக்கத்தில் ஆணி அடித்து, கடைக் கலண்டரையும் பென்சிலையும் தொங்கவிட்டிருக்கிறேன். அம்மா அதில்தான் எழுதுகிறா. குரல் அனுப்பும் திட்டம் இரண்டு நாள் ஓடியது, மூன்றாம் நாள் நின்றுவிட்டது. ஞாயிறு இரவு மகள் பென்சில் எழுத்தைப் பார்த்துக் கூகிளில் போடுகிறாள், சொல் மாற்றாமல். "காஸ் மாத்தினது" என்பது இப்போது வெள்ளை எழுத்தில் கண்ணாடியில் இருக்கிறது. அதைக் கண்டதும் அம்மா முதல் தடவையாகக் கண்ணாடிக்கு முன்னால் நின்று முழுவதையும் வாசித்தா. தம்பியின் நட்சத்திரமும் தப்பிவிட்டது, மாறவில்லை.

ஒரே ஒரு பிரச்சினை மிச்சம். அம்மா முகம் கழுவப் போக முதல் ஒட்டுப்பொட்டை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டிவிடுவா, நாற்பது வருடப் பழக்கம். இப்போது புதன்கிழமைக்கு மேல் மூன்று பொட்டு இருக்கிறது. மகள் எடுக்கப் போனாள், நான் விடவில்லை. கஸ்டம் சிஎஸ்எஸ்ஸில் கலண்டரை அறுபது பிக்சல் கீழே இறக்கியிருக்கிறேன்.